மாமா காரை விட்டு இறங்கினார்

என் மாமனாரை வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல்தான் ஒரு சேவை அமைப்பில் சேர்த்துவிட்டேன். சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. காலமெல்லாம் லாரி ஓட்டிய மனிதர். மாமியார் போன பிறகு எங்களோடு வெளிநாட்டுக்கு வந்தவருக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. என் சமையலறை டப்பாக்களை இடம் மாற்றி அடுக்குவதையே வேலையாக வைத்துக்கொண்டார். மிளகாய்த்தூளைத் தேடியே என் பாதி உயிர் போனது.

நடமாட முடியாத முதியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் தொண்டர்கள் தேவை, காரை அமைப்பே தரும் என்றார்கள். உள்ளூர் லைசென்ஸ் தேர்வில் முதல் தடவையே தேறினார். "ஓட்டறதுக்கு பாஷை எதுக்கும்மா?" என்று ஒரே பெருமை.

டயாலிசிஸுக்குப் போய்வரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரை அவரிடம் ஒப்படைத்தார்கள். டீச்சரம்மா என்று இவரே பெயர் வைத்தார். அந்த அம்மாவைக் கூட்டிப்போகும் நாளில் காலையிலேயே சவரம், இஸ்திரி போட்ட சட்டை, அவர் சாய்ந்துகொள்ளக் காரில் ஒரு தலையணை. மாமியார் போனதிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததில்லை.

ஓட்டும் பழக்கம் மட்டும் லாரியிலேயே இருந்தது. ஹார்னை விடச் சொன்னோம், விட்டார். ஆனால் ஜன்னல் வழியே கையை நீட்டி, பின்னால் வருகிறவர்களை முந்திப் போகச் சொல்லி வீசுவார். அவர்களும் ஏதோ நலம் விசாரிக்கிறார் என்று திருப்பிக் கையசைத்துவிட்டுப் பின்னாலேயே வருவார்கள். "நல்ல ஜனங்க, ஆனா விவரம் பத்தாது" என்பார்.

ஒரு நாள் நிறுத்தக் கோட்டில் முழுசாக நிறுத்தாமல் போனதற்குப் போலீஸ் வண்டி விளக்கைச் சுழற்றிக்கொண்டு பின்னால் வந்தது. மாமா ஓரம் கட்டினார். உடனே இறங்கிச் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு, லைசென்ஸ் எடுக்கப் பையில் கையை விட்டபடி போலீஸ்காரரை நோக்கி நடந்தார். நம் பக்கம் அதுதானே மரியாதை? போலீஸ் நிற்கும்போது வண்டியில் உட்கார்ந்திருந்தால் திமிர் என்று அர்த்தம். இங்கேயோ ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார வேண்டும். இறங்கி வருகிறவன் அடிக்க வருகிறவன்.

போலீஸ்காரர் கத்தினார். அதட்டினால் இன்னும் பணிவாக, இன்னும் வேகமாக நடக்கத்தான் மாமாவுக்குத் தெரியும். போலீஸ்காரரின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போய்விட்டது. டீச்சரம்மா கார் ஜன்னலில் தலையை நீட்டி ஓலமிட்ட பிறகுதான் மாமா நின்றார். ஒரு எச்சரிக்கையோடு விட்டார்கள். லைசென்ஸோடு நோட்டு எதையும் மடித்து நீட்டாமல் இருந்தாரே, அதுவரை புண்ணியம்.

"போதும்பா. இனிமே வண்டி வேணாம்" என்றார் என் வீட்டுக்காரர். மாமா சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் சமையலறைப் பக்கமே வரவில்லை. டப்பாக்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. எனக்குத் தாங்கவில்லை.

"ஓட்டாதீங்கன்னு ஏன் சொல்றீங்க? இறங்காதீங்கன்னு சொல்லிக் குடுப்போம்" என்று வீட்டுக்காரரிடம் சண்டை போட்டுச் சாவியை வாங்கினேன். கீழே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நான்தான் போலீஸ். கண்ணாடியைத் தட்டுவேன். ஒவ்வொரு தடவையும் அவர் கை கதவுப்பிடிக்குப் போகும்.

"நீ நிக்கற, நான் உக்காந்திருக்கறதா? நல்லா இல்லம்மா."

"நான் இப்ப மருமக இல்ல மாமா. போலீஸ்."

"போலீஸ்னா அதவிட மோசம்மா!"

கடைசியில் கை ஸ்டியரிங்கிலேயே நின்றது. கால் மட்டும் இறங்கத் தயாராகக் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

டீச்சரம்மாவை மறுபடி கூட்டிப்போக ஆரம்பித்தார். கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் வீடு வந்தவர், ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார். பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தியிருக்கிறது.

"இறங்கிட்டீங்களா மாமா?"

"இல்லம்மா. கைய எடுக்கவே இல்ல. அவருதான் வந்தாரு. ஜன்னல்கிட்ட குனிஞ்சு, 'குட்மார்னிங் சார்'னாரு."

"அப்புறம்?"

"யாரச் சொல்றாருன்னு திரும்பிப் பாத்தேன். பின்சீட்ல டீச்சரம்மா மட்டும்தான் இருந்தாங்க."