ஆஸ்பத்திரி வண்டிக்கு நான் வாங்கிய விளக்கு

இரும்புப் பெட்டியில் துணி சுற்றிக் கிடக்கும் அந்தச் சிவப்பு விளக்கை எறிந்துவிடலாமா என்று கேட்டீர்கள், பிள்ளைகளே. எறிய வேண்டாம். அது நான் பார்த்துப் பார்த்து வாங்கியது.

அறுபதுகளின் நடுவில் செஞ்சிக் கடைத்தெரு வியாபாரிகள் சேர்ந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு பழைய வேன் வாங்கிக் கொடுத்தார்கள். நான் அதற்கு டிரைவர். எட்டாவது வரை படித்தவன் என்று, கூரைமேல் வைக்க ஒரு விளக்கு வாங்கிவர என்னையே மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். கடைக்காரர் மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று எடுத்து வைத்தார். புழுதியில் மஞ்சள்தான் தூரத்திலிருந்து தெரியும், ரோடு வேலை வண்டிகளுக்கு அதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். இரண்டையும் வெளியே கொண்டுபோய் எரியவிட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி என்று என் கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் முந்தின மாதம்தான் ஒரு மந்திரியின் கார் சிவப்பு விளக்கோடு எங்கள் ஊர் வழியாகப் போனது. சந்தைக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டதைப் பார்த்திருந்தேன். அந்த மரியாதை என் வண்டிக்கும் கிடைக்கட்டும் என்று சிவப்பை வாங்கினேன். வியாபாரிகள் அதற்குக் கற்பூரம் காட்டினார்கள்.

அந்தக் கோடையில் கிணறெல்லாம் வற்றிவிட்டது. அவலூர்பேட்டைப் பக்கம் வைக்கோல் போரில் கைவிட்ட ஒரு கூலியாளைப் பாம்பு கடித்துவிட்டதாகப் போன் வந்தது. அவனையும் அவன் மனைவியையும் ஏற்றிக்கொண்டு, விளக்கைப் போட்டு விரட்டினேன். செஞ்சி மலைக்கோட்டை கண்ணெதிரே தெரிய ஆரம்பித்துவிட்டது. அங்கே ஓர் ஊர் முனையில், தண்ணீர்க் கஷ்டத்தைப் பார்க்க வருவதாகச் சொன்ன அதிகாரிக்காகக் காலையிலிருந்து பெண்கள் மனுவோடு காத்திருந்தார்கள். சிவப்பு விளக்கைக் கண்டதும் காலிக் குடங்களை ரோட்டின் குறுக்கே அடுக்கிவிட்டார்கள்.

உள்ளே நோயாளி என்றேன். வண்டியில் எழுதியிருந்ததைப் புழுதி மூடியிருந்தது. யாரும் நம்பவில்லை.

"ஆபீசரு உள்ள குந்திக்கினு உன்ன வுட்டுப் பொய் சொல்றாரா? எறங்கச் சொல்லு. இந்தக் கொடத்துல இன்னா இருக்குதுன்னு வந்து பாக்கட்டும்" என்றாள் முன்னால் நின்றவள்.

மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தே விட்டாள். நான் கெஞ்சி, கூட்டத்தை விலக்கிப் பின்கதவைத் திறந்து காட்டுவதற்குள் கால்மணி நேரம் போய்விட்டது. பார்த்ததும், அந்தப் பெண்களே அழுதுகொண்டு குடங்களை வாரி ஓரத்தில் எறிந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இறக்கும்போது உயிர் இல்லை. அந்தக் கால்மணி நேரம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அவன் மனைவி என்னைத் திட்டவில்லை.

"வெறும் வண்டியா வந்திருந்தா வழி வுட்டிருப்பாங்க, இல்லண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.



மஞ்சள் விளக்கு மாட்டலாம் என்று வியாபாரிகளிடம் போய்ச் சொன்னேன். நடந்ததையும் சொன்னேன். சிவப்பில்தான் கௌரவம் என்றார்கள். அவர்களில் மூத்தவர், தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பாம்பு கட்ச்சிச் செத்தான். அதுக்கு வெளக்கு இன்னாப்பா பண்ணும்?" என்றார்.

மறுநாள் விளக்கை நானே கழற்றினேன். கேட்டபோது கொடுக்கவில்லை. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் கடை வாசலில் இரண்டையும் எரியவிட்டுப் பார்த்தவன் நான்.

வண்டிக்கு வேறு விளக்கு வந்தது. அதுவும் சிவப்பு, முன்னதைவிடப் பெரியது.