சூடு உறைக்காத கால்

என் வீட்டுக்காரர் மலைச்சரிவில் ஏறும்போது வளைவுக்கு வளைவு நின்றுவிடுவார். எதிரே வரும் ஜீப்பை மறித்து ஊர்க்கதை பேசுவார், பீடி பற்றவைப்பார். வாய் நீளம் என்று திட்டிக்கொண்டே நான் முன்னால் போவேன். கெண்டைக்கால் வலியில் நிற்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னாரா மனுஷன்? கல்லுளிமங்கன்.

போடிமெட்டுக்குக் கீழே எங்களுக்குச் சின்ன ஏலத்தோட்டம். அங்கே யாருக்குக் கால் சில்லிட்டாலும் வைத்தியம் ஒன்றுதான். ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோருக்குள் போய், அடுப்புச் சூடு ஓடும் தகரக் குழாய்ப் பக்கம் காலை நீட்டுவார்கள். அவரும் நீட்டினார். பெருவிரல் குழாயில் பட்டு வெந்துகொண்டிருந்தது, அவருக்குத் தெரியவில்லை. வாடை பிடித்து நான்தான் ஓடிப்போய்க் காலை இழுத்தேன்.

"என்னடி, இப்பத்தான் கதகதன்னு இருக்கு" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

புண் ஆறாமல் கறுத்தது. காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார் மதுரை டாக்டர். என் வீட்டுக்காரர் காலிலிருந்தே ஒரு குழாயை எடுத்து, தொடையிலிருந்து முழங்காலுக்குக் கீழே பைபாஸ் செய்ய வேண்டும். அதிலும் ரத்தம் ஓடாவிட்டால் காலை எடுக்க வேண்டியதுதான்.

ஆபரேஷன் முடிந்ததும் போடியிலிருந்து சொந்தபந்தம் பஸ்சேறி வந்துவிட்டது.

"நெஞ்சு வலி எப்ப வந்துச்சு மதினி?" என்றான் கொழுந்தன்.

"நெஞ்சு இல்லப்பா, காலு. மெட்டு ரோட்டுல மண்ணு சரிஞ்சா ஜீப்பு சுத்தி வேற பாதையில போகுதுல்ல? ரத்தத்துக்கும் அப்பிடி ஒரு பாதை போட்டுருக்காங்க."

நன்றாகத் தலையாட்டினான். "சரி மதினி, அப்ப நெஞ்சு எப்பிடி இருக்கு?"

அவனாவது பரவாயில்லை. அவருடைய சின்னம்மா, "ஸ்டோர்ல இன்னுங்கொஞ்சம் சூடு காட்டியிருந்தா இம்புட்டுத் தூரம் வந்திருக்காதே ஆத்தா" என்று பெருமூச்சு விட்டார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் நர்ஸ் வந்து பெருவிரல் கட்டைப் பிரித்தார். மருந்துப் பஞ்சு புண்ணில் பட்டதுதான் தாமதம், "ஆத்தாடி, எரியுதே!" என்று வார்டே திரும்பிப் பார்க்க அலறினார் அவர்.

"மெதுவா செய்யக் கூடாதாம்மா?" என்று நர்ஸிடம் எகிறினான் கொழுந்தன். நான் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

"சும்மா இருப்பா. அவரு கத்தட்டும். சிஸ்டர், நீங்க தொடைங்க."

கொழுந்தன் என்னைப் பேயறைந்தவன் போலப் பார்த்தான். கட்டிலிலிருந்து அவர் கத்தினார்: "எனக்கு எரியுது, அங்க என்னடி சிரிப்பு?"

அந்த மனுஷனுக்கு எதுதான் ஒழுங்காகத் தெரிந்தது? நான் அழுதுகொண்டிருந்தேன்.