செவல் மண்ணிலிருந்து வந்த பசலிங்கவ்வா

எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பவர்கள் முதலில் விசாரிப்பது மண்ணைத்தான். கிழக்கே குஷ்டகிப் பக்கம் செவல். எங்கள் ரோண் பக்கம் வந்தால் கரிசல். வரும் வழியில் பேருந்துச் சன்னலில் படிகிற புழுதியே நிறம் மாறிவிடும். பள்ளிக்கூட வரைபடத்தில் இரண்டும் ஒட்டிக்கிடக்கும் இரண்டு வண்ணங்கள், அவ்வளவுதான்.

எதிர்வீட்டுப் பசலிங்கவ்வா செவலிலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு வருடம் ஆகிறது. உழவெல்லாம் அவள் கணவன் பரமப்பாதான் பார்ப்பான். இந்தப் புரட்டாசியில் அவன் கால் எலும்பு முறிந்து கதக் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்போது பார்த்து மழை கொட்டியது.

அவள் பிறந்த ஊரில் மழை விட்ட மறுநாளே விதைத்துவிட வேண்டும். தவறினால் ஈரம் ஓடிவிடும். கேலிக்குப் பயந்து யாரிடமும் கேட்காமல், விடிந்ததும் மாடுகளைப் பூட்டினாள். சுற்றிலும் எந்த வயலிலும் ஆள் இல்லை. அது அவளுக்கு உறுத்தியது. ஆனாலும் இறங்கிவிட்டாள்.

பத்தடி போவதற்குள் இடத்துமாடு வயிறு வரை புதைந்தது. அதட்ட அதட்ட இன்னும் இறங்கியது. அவள் போட்ட கூச்சலில் நாங்கள் ஓடினோம்.

பக்கத்து வயல்காரர் வீரபத்ரப்பா வரப்பிலிருந்தே கத்தினார். "ஏ செவக்காட்டு மருமகளே, சோளம் விதைக்க வந்தியா, மாட்டை விதைக்க வந்தியா?"

"கேலியெல்லாம் அப்புறம் பண்ணுங்க மாமா! வீட்ல ஒரு கால் ஒடிஞ்சது போதாதா?"

அவர் முகம் மாறியது. "கயித்தை விடு. இழுத்தா இந்த மண்ணு விடாது. பூட்டாங்கயித்தை அறு."

நுகத்தோடு மாடுகளைப் பிணைத்திருந்த அந்தக் கயிற்றை அறுத்தோம். வலத்துமாட்டைப் பின்னால் தள்ளி வரப்பேற்றினோம். பிறகு புதைந்த மாட்டின் கால்களைச் சுற்றிக் கையால் சேற்றை வாரி, சோளத்தட்டையைக் கட்டுக்கட்டாகத் திணித்தோம். மாடு கண்ணை மூடிக்கொண்டது. அவள் அதன் தாடையைத் தாங்கிக்கொண்டே இருந்தாள். உச்சிவேளையில் அது எம்பி வெளியே வந்தது. ஒரு முன்னங்காலை மட்டும் தரையில் ஊன்றவில்லை.

அன்று மாலை பரமப்பா போனில் கேட்டான். "விதைச்சிட்டியா?"

"இன்னும் பதம் வரலங்க." மாட்டின் கால் விஷயத்தை அவள் சொல்லவில்லை.

கரிசலில் சேறு வற்றாமல் இறங்க முடியாது; மண் காய்ந்து இறுகிப்போனாலும் விதைப்பு போய்விடும். அதனால் தினமும் காலையில் தொழுவத்துக்குப் போய் மாட்டின் காலைத் தொட்டுப் பார்ப்பாள். அங்கிருந்து வயலுக்குப் போய் மண்ணை அழுத்திப் பார்ப்பாள். ஐந்தாம் நாள் மண் கையில் ஒட்டியது. மாடு நொண்டியது. ஏழாம் நாள் வீரபத்ரப்பா தன் மாடுகளைப் பூட்டிவிட்டார். அவள் மாடு இன்னும் நொண்டியது. அன்று அவள் சாப்பிடவில்லை.

ஒன்பதாம் நாள் மண் விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது. மாடு நான்கு காலிலும் நின்றது.

"இன்னிக்கு விட்டா அவ்வளவுதான், பூட்டு," என்றார் வீரபத்ரப்பா.

பூட்டினாள். சாட்டையைத் தொடவே இல்லை. இடத்துமாடு மண்ணை மோந்தபடி வெகுநேரம் நின்றது. பிறகு அடி எடுத்து வைத்தது. அவள் குனிந்து அந்தக் குளம்படியைப் பார்த்தாள். விரல்கடை ஆழம்கூட இல்லை.

"போ மவனே," என்றாள்.