கீழே ஒரு பெயர்

கனடாவின் ஸ்காபரோவில் ஓர் அச்சுக்கடை. இலங்கையில் போர் முடிந்துவிட்டதாக அறிவித்து மூன்று நாளாகிறது. பாஸ்போர்ட்டைப் பிரதியெடுக்க நிற்கிறேன். எனக்கு முன்னால் நிற்கும் முதியவர் மாணவர் ஊர்வலங்களில் தொடங்கி, இயக்கம் அமைத்து, பிறகு எம்.பி.யும் ஆனவர் என்று கடைக்காரர் என் காதில் சொல்கிறார்.

மேசையில் பழைய படம்: இயக்கத்தைத் தொடங்கிய ஐந்து மாணவர்கள். அவரைத் தவிர மற்ற நால்வருக்கும் கண்ணீர் அஞ்சலி அடிக்க வேண்டுமாம்.

“இத்தனை வருஷம் கழித்தா, ஐயா?” என்கிறேன்.

“சண்டையிலை வெண்டாப்பிறகு அடிப்பம் எண்டு இருந்தனான்.”

“ராணுவம் சுட்டதா?” கேட்டிருக்கக் கூடாது.

“ரெண்டு பேரை ஆமி. மற்ற ரெண்டு பேரை நாங்கள்.”

கடைக்காரர் தட்டச்சை நிறுத்துகிறார். “கீழை, துயருறும் நண்பர் எண்டு உங்கடை பேரைப் போடட்டே, அண்ணை?”

முதியவர் படத்தில் தன் முகத்தைப் பெருவிரலால் மறைக்கிறார்.

“பேரில்லாமல் அடிக்க ஏலாதோ, தம்பி?”