சாம்பாரில் கலக்காதே என்ற அந்துவான் சார்

பாண்டிச்சேரி பெரிய மார்க்கெட்டில் இருக்கும் எங்கள் காய்கறிக் கடையிலிருந்து என் கணவர் முரளி போன் செய்தார். "நித்யா, அந்துவான் சார் போயிட்டாரு. மாரடைப்பாம்." குரல் உடைந்திருந்தது. சாருக்காக அழுவதற்கு முன்பே எனக்கு வேறொரு பயம் வந்துவிட்டது. இந்தத் துக்கத்தில் இவர் மறுபடியும் குடித்துவிட்டால்?

சாரிடம் போன குடும்பங்களே, நீங்கள் இதை மன்னிப்பீர்கள். கருவடிக்குப்பத்துக் குடிநோய்ச் சிகிச்சை மையத்தில் அவர் கவுன்சலராக இருந்தபோது நாம் எல்லோரும் இதே பயத்தோடுதானே அவர் முன்னால் உட்கார்ந்தோம்?

முதல் நாள் டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரும். நான் தனியாகச் சாரிடம் போய், எங்கள் தெருப் பெண்கள் சொன்ன யோசனையைக் கேட்டேன். "இவரு போட மாட்டாரு சார். தெரியாம சாம்பார்ல கலந்துடட்டுமா?"

"சாம்பார்ல போட்டா சாம்பார்தாம்மா குடிய வுடும்."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தெரியாமல் கொடுத்து அதன் மேல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து என்று விளக்கினார். முரளியை உள்ளே கூப்பிட்டு, "வீட்டுக்காரம்மா உங்கள சாம்பார்ல புடிக்கப் பாக்குறாங்க. நீங்களே போட்டுக்குறீங்களா?" என்றார். முரளி வெட்கத்தோடு தலையாட்டினார். அன்றிலிருந்து காலை இட்லிக்குப் பிறகு, என் கண்ணெதிரே மாத்திரை.

எங்கள் பாப்பாவின் காதுகுத்து வந்தது. பாண்டியில் விசேஷம் என்றால் வெளியூர்ச் சொந்தங்கள் எதை எதிர்பார்த்து வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு ஒத்திகையாக மையத்திலேயே சார் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எங்கள் விழுப்புரத்து மாமாவாகவே மாறிவிட்டார். "என்னா மாப்ள, பாண்டிக்கு வரவெச்சுட்டு வெறும் பிரியாணிதானா?" முரளி "வேணாம் மாமா" என்று சொல்லிப் பழக வேண்டும். "சத்தமா சொல்லுங்க, மாமாவுக்குக் காது மந்தம்!" என்று விரட்டினார். விசேஷத்தன்று நிஜ மாமா கிட்டத்தட்ட அதே வார்த்தைகளைச் சொன்னதும் முரளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எதுக்குடா சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல மாமா. எனக்கு வேணாம். நீங்க இன்னொரு பீஸ் வெச்சுக்குங்க."

இவ்வளவுக்குப் பிறகும், சாயங்காலம் முரளி வீட்டுக்குள் நுழைந்ததும் வாயை மோந்து பார்க்கும் பழக்கம் எனக்குப் போகவில்லை. சார் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "இது வூடா, செக்போஸ்ட்டாம்மா? பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு. மோப்பம் புடிக்கிறதுக்கு அவரு என்ன பதிலு சொல்லுவாரு?"

சாரின் அடக்கத்துக்கு முரளி மட்டும் போனார். கல்லறையிலிருந்து திரும்பும்போது நாலு பேர் சேர்ந்து சாராயக்கடைப் பக்கம் ஒதுங்குவது இங்கே புதிதல்ல. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தார். என் மூக்கு தானாக முன்னே போனது. பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

"பயமா இருந்துச்சுங்க."

"எனக்குந்தான். அதான் எங்கயும் நிக்காம வந்துட்டேன்."

சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பேச்சுதான். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று முரளி செருப்பைக் கழற்றிக்கொண்டே அவராகவே கேட்டார்.

"இன்னிக்கு எவ்ளோ பயம்?"

"கொஞ்சந்தான்" என்றேன்.