என் கிடாருக்கு வந்த இன்னொரு கேபிள்

1997 செப்டம்பர் ஏழு, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஏழு மணி பத்து நிமிடம். பொள்ளாச்சியில் ஒரு கல்யாண மண்டபம். வரவேற்பு மேடையின் இடது ஓரத்தில் பட்டுச் சேலையும் எலெக்ட்ரிக் கிடாருமாக நான்.

நிமிடம்கூடத் தவறாமல் எப்படிச் சொல்கிறேன் என்கிறீர்களா? எதிர்ச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம் மாட்டியிருந்தது. வாசிக்கும்போது குனிந்து காலடியில் உள்ள பெடலைப் பார்க்கக் கூடாது, சபையைப் பார்த்துச் சிரித்த முகமாக நிற்க வேண்டும் என்பது எங்கள் மெல்லிசைக் குழுத் தலைவரும் பாடகருமான தங்கவேல் அண்ணனின் கட்டளை. முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வராது. ஆகவே கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பாட்டு. முதல் சரணத்துக்கு முந்தைய இடையிசை முழுவதும் கிடாருக்கு உரியது. விரல்கள் ஓடின. வலது பாதம் பெடலை அடிவரை அழுத்தியிருந்தது. ஒலிபெருக்கியில் கிடார் கேட்டது... ஆனால் அது என் கிடார் அல்ல.

நான் ஒரு தந்தியை விரலால் வளைத்து ஸ்வரத்தை மேலே ஏற்றினேன். ஒலிபெருக்கியில் வந்த ஸ்வரம் வளையவே இல்லை. கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சட்டையைப் போல விறைத்து நின்றது.

மேடையின் மறு ஓரத்தில் கீபோர்டு வாசிக்கும் ரமேஷ். கீபோர்டில் கிடாரைப் போல ஒலிக்கும் ஓர் அமைப்பு உண்டு. அவருடைய வலது கை அதில் என் இடையிசையை வாசித்துக்கொண்டிருந்தது. இடது கை, மேலும் கீழும் நகரும் சின்ன ஸ்லைடர் ஒன்றை விடாமல் கீழே இறக்கிக்கொண்டிருந்தது.

சபை கைதட்டியது. எனக்குத்தான் தட்டினார்கள்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். மரியாதைக்காக.)

இலக்கியம் படிக்கிற பெண்ணுக்குக் கிடார் எதற்கு என்று நான் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியின் வாசகர்கள் இரண்டு முறை கேட்டாயிற்று. நானும் இரண்டு முறை பதில் எழுதியாயிற்று. மூன்றாம் முறை எழுதுவதாக இல்லை. என் காலடியில் இருந்தது என்ன என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மாமா, சென்ற ஆண்டு வந்தபோது இரண்டு பெட்டிகள் கொடுத்தார். ஒன்று, எஃபெக்ட்ஸ் பெட்டி. கிடாரின் ஒலியைக் கூட்டும், குறைக்கும், எதிரொலிக்க வைக்கும். மற்றொன்று, தரையில் வைத்துக் காலால் இயக்கும் பெடல் பலகை. இரண்டையும் இணைப்பது மிடி கேபிள். மிடி என்றதும் பாவாடையை நினைக்க வேண்டாம். என் அம்மா நினைத்தார்.

இந்தக் கேபிளில் ஒலி போவதில்லை. கட்டளை மட்டுமே போகிறது. பெடலை முழுவதும் தூக்கினால் பூஜ்யம் - கிடார் மௌனம். அடிவரை அழுத்தினால் நூற்று இருபத்தேழு - முழு ஒலி, முழு எதிரொலி. இடைப்பட்ட எண்களைப் பாதம் தானாகக் கற்றுக்கொள்கிறது. கையில் பிறக்கும் ஸ்வரத்தைக் கால் மெல்லத் திறந்துவிடுகிறது. எல்லாம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கணத்துக்கு எது தகும் என்று தோன்றுகிறதோ அந்த அளவில். முன்கூட்டிப் பதிவுசெய்து வைக்கிற வேலை இல்லை. இதற்காகத்தான் அந்தக் கையேட்டை வரி வரியாக வாசித்தேன். எங்கள் வகுப்பில் எந்தக் காப்பியத்தையும் எவரும் அவ்வளவு கவனமாக வாசித்ததில்லை, நான் உட்பட.

கல்லூரி விழாவில் கேட்டுவிட்டுத் தங்கவேல் அண்ணன் வீட்டுக்கே வந்தார். அம்மாவிடம் அனுமதி வாங்கினார். குழுவின் பேனரில் என் படம் ஏறியது. கீழே பெரிய எழுத்தில் - பெண் கிடாரிஸ்ட்.

கோளாறு தொடங்கியது பெருந்துறையில், மூன்று வாரங்களுக்கு முன்பு. இடையிசையில் என் ஒலி விட்டு விட்டு வந்தது. பெடலை அசைத்தால் ஒரு நொடி கேட்கும்; உடனே அடங்கும்.

“ஏங்கண்ணு, சேலை பெடல்ல மாட்டிக்கிச்சா?” என்றார் தங்கவேல் அண்ணன்.

“சேலையெல்லாம் இல்லீங்ண்ணா. அம்மணிக்கு ஸ்டேஜ் பயம். கால் நடுங்குது, நானே பாத்தேன்,” என்றார் ரமேஷ்.

எவ்வளவு கனிவு அந்தக் குரலில்! நம்பினேன். என் கால் நடுங்குவதை நான் உணரவில்லை. ஆனால் பார்த்தவர் சொல்கிறாரே? மறுநாளிலிருந்து விடியற்காலையில் எழுந்து, கிடாரே இல்லாமல் பெடலை மட்டும் அழுத்திப் பழகினேன்.

“ஏஞ்சாமி, காலங்காத்தால தையல் மிசினாட்ட எதைய மிதிச்சிட்டிருக்கறே?” என்றார் அம்மா.

திருப்பூரிலும் அதேதான் நடந்தது. அன்று ரமேஷ் அருகில் வந்தார். “கவலையே படாதீங்க அம்மணி. உங்க கால் தடுமாறுச்சுன்னா, உங்க பிட்டை நான் கீபோர்டுல வாசிச்சுப்போடறேன். ஒருத்தருக்கும் தெரியாது.”

அவருக்கு நன்றி சொன்னேன். எண்ணிப் பாருங்கள்... நன்றி!

நரம்பு மருத்துவரைப் பார்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்கும் நிலைக்கு வந்திருந்தேன். இனி மேடை வேண்டாம், கிடாரை உறையில் போட்டுவிடலாம் என்றும் தோன்றியது. பொள்ளாச்சிதான் கடைசி என்று எனக்குள் முடிவு செய்துகொண்டுதான் வேனில் ஏறினேன்.

மீண்டும் ஏழு மணி பத்து நிமிடத்துக்கு வருவோம்.

ஸ்வரம் வளையவில்லை என்றதும் கட்டளையை மீறிக் குனிந்தேன். கால் நடுங்கவில்லை, கல்லைப் போல நின்றது. பெடல் பலகையின் சின்னத் திரையில் 127. பக்கத்து ஸ்டூலில் இருந்த எஃபெக்ட்ஸ் பெட்டியின் திரையில் 0.

பெடலை இம்மியளவு தளர்த்தினேன். பலகையில் 121. பெட்டியிலும் 121 தோன்றியது... உடனே 0.

கையேட்டில் இதற்கு விளக்கம் உண்டு. ஒரே அமைப்புக்கு இரண்டு கட்டளைகள் வந்தால், கடைசியாக வந்ததே செல்லும். அப்படியானால் என் கட்டளைக்குப் பின்னால் இன்னொரு கட்டளை வந்துகொண்டிருந்தது. எங்கிருந்து?

பெடல் பலகையின் பின்புறம் இரண்டு துளைகள். ஒன்றின் வழியே என் கட்டளை வெளியே போகும். இன்னொன்று, வேறொரு கருவியின் கட்டளை உள்ளே வருவதற்கு. அதை நான் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. அதில் ஒரு கறுப்புக் கேபிள் செருகியிருந்தது. சிவப்பு விரிப்புக்கு அடியில் நுழைந்து, மேடையைக் குறுக்கே கடந்து, ரமேஷின் கீபோர்டுக்குப் பின்னால் போய் முடிந்தது. அவர் ஸ்லைடரை இறக்கினால் என் பெட்டிக்குப் பூஜ்யம்.

செருகியவர் யார் என்று கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் அவர் சொல்வது வழக்கம்: “சேலையக் கட்டிட்டு எதுக்குங்க குனியறீங்க? தள்ளுங்க அம்மணி, கனெக்‌ஷன் எல்லாம் நான் குடுத்துக்கறேன்.” நானும் ஒவ்வொரு முறையும், மரியாதையை மறுக்கத் தெரியாமல், தள்ளி நின்றேன்.

ஏழரை மணிக்கு உறவினர்கள் வரிசையாக மேடையேறிப் படம் எடுத்துக்கொள்ள, எங்களுக்குச் சிறிது இடைவேளை. மேடைக்குப் பின்னால் காபி வந்தது.

“ரமேஷண்ணா, என் பெடலுக்கு வர்ற இன்னொரு கேபிள் யாரோடதுங்க?”

ரமேஷ் காபி டம்ளருக்குள் பார்த்தார். சிரித்தது, தாளத்துக்கு ரிதம் பேடு வாசிக்கும் டேவிட். “கண்டுபுடிச்சாச்சா! நான் பெருந்துறையிலயே சொன்னேனுங்க, இது படிக்கற புள்ள, நொம்ப நாள் ஏமாத்த முடியாதுன்னு.”

ஆக, டேவிட்டுக்கும் தெரியும்.

“நானாச் செய்யலீங்க அம்மணி,” என்றார் ரமேஷ். “அண்ணன்தான் ஸ்லைடரை எறக்கிப்போடுன்னாரு.”

தங்கவேல் அண்ணன் அதிரவில்லை. பதற்றப்படவும் இல்லை. “அட, இதுக்குப் போயி மொகத்தைச் சுளிக்கலாமுங்களா? கேளுங் கண்ணு. நீங்க அந்தப் பெடலை அமுத்துனா என்ன வரும்னு எனக்கும் தெரியறதில்ல, உங்களுக்கும் தெரியறதில்ல.”

“எனக்குத் தெரியுமுங்க.”

“செரி, தெரியட்டும். ஒரு நாளு சன்னமா வருது, ஒரு நாளு மண்டபமே அதிருது. கல்யாண ஊட்ல ரிஸ்க் எடுக்க முடியுங்களா? ரமேஷ்னா கேசட்டுல இருக்கறாப்பலயே வாசிச்சுப்போடுவான்.”

“அப்புறம் நான் எதுக்குங்க?”

“நீங்க கிடாரோட நிக்கறதே ஒரு அழகுங்க! பேனரைப் பாத்துத்தானே நம்மளக் கூப்புடறாங்க?”

“என் கால் நடுங்குதுன்னு ஏன் சொன்னீங்க?”

தங்கவேல் அண்ணன் உண்மையிலேயே திகைத்தார். “பின்ன எப்புடிங்க சொல்றது? வாசிக்க வேண்டாம்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னா உங்க மனசு நோகுமல்லங்க?”

யாரும் என்னைத் திட்டவில்லை. யாரும் குரல் உயர்த்தவில்லை. மூன்று வாரங்கள், வாக்கியத்துக்கு ஒரு ‘ங்க’ போட்டு, கண்ணு என்றும் அம்மணி என்றும் அழைத்து, என் வாயை மூடியிருக்கிறார்கள். ‘உன் வாசிப்பு பிடிக்கவில்லை, போ’ என்று ஒரு முரட்டு மனிதர் சொல்லியிருந்தால் அழுதுவிட்டு, அடுத்த நாள் எழுந்திருப்பேன். இவர்கள் என் ஒலியை எடுத்துக்கொண்டார்கள். கூடவே என் காலின் மீது எனக்கிருந்த நம்பிக்கையையும் எடுத்துக்கொண்டார்கள். முதலாவதைத் திருட்டு என்று சொல்லலாம். இரண்டாவதற்கு என்ன பெயர்?

இந்த ஊரின் மரியாதையை எல்லோரும் புகழ்கிறார்கள். நானும் புகழ்ந்து எழுதியிருக்கிறேன், இதே பத்தியில். அந்த வரிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

எட்டே காலுக்கு அடுத்த கிடார் இடையிசை. கேபிள் இருந்த இடத்திலேயே இருந்தது. சபைக்கு முன்னால் பிடுங்கி எறிவேன் என்று ரமேஷ் எதிர்பார்த்திருக்க வேண்டும்; அடிக்கடி என் பக்கம் பார்த்தார்.

நான் அதைத் தொடவில்லை. இடையிசை தொடங்கியதும், கிடாரிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தேன். மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டேன். கிடார் பட்டையில் சும்மா தொங்கியது.

ஒலிபெருக்கியில் கிடார் தொடர்ந்து வாசித்தது. பிசிறில்லாமல், கேசட்டில் இருக்கிற மாதிரியே.

முதலில் பார்த்தவர் மணப்பெண். மாலையின் கனத்தோடு சிரமப்பட்டுத் திரும்பினார். “ஏனுங்கக்கா, நீங்க வாசிக்கலீங்களா?”

“இல்லீங்க,” என்றேன். “அவருதான் வாசிக்கறாரு. நான் நிக்கறதுக்கு மட்டுந்தானுங்க.”

எனக்கு முன்னால், கோரஸ் பாட வைத்திருந்த மைக் திறந்திருந்தது. அதை நான் மறந்துபோயிருந்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்?

மண்டபம் முழுவதும் கேட்டது. முன்வரிசையில் ஒருவர், “அட, கிடாரு தானா வாசிக்குதப்பா!” என்றார். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. ரமேஷின் கை நின்றது. தங்கவேல் அண்ணன் சரணத்தை எங்கே எடுப்பது என்று தெரியாமல் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார். மணப்பெண் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சி முடிந்து வேனில் சாமான்களை ஏற்றும்போது தங்கவேல் அண்ணன் வந்தார். அப்போதும் குரல் உயரவில்லை.

“மானத்தை வாங்கிப்போட்டீங்களே கண்ணு. அடுத்த ஞாயித்துக்கெழம கோபியில புரோகிராம். ரமேஷோட கேபிளு இருக்கத்தான் இருக்கும். சம்மதம்னா வாங்க. இல்லீன்னா பேனர்ல படத்தை மாத்திக்கறோமுங்க.”

“காலையில சொல்றேனுங்க,” என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கையேட்டை எடுத்தேன். பொள்ளாச்சிக்குப் போகும்போது, இனி அது தேவைப்படாது என்று பரணில் போட்டிருந்தேன். முன்பு வாசித்து, பொருட்படுத்தாமல் கடந்துபோன ஒரு பத்தி அதில் உண்டு.

மிடி கட்டளைகள் பதினாறு சேனல்களில் பயணம் செய்கின்றன. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெட்டி ‘ஆம்னி’ என்ற நிலையில் இருக்கும். அதாவது, எந்தச் சேனலில் யார் கட்டளையிட்டாலும் கீழ்ப்படியும். எது தன்னுடையது, எது அயலாருடையது என்று பார்க்காது. வேண்டாம் என்றால் நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இருபத்திரண்டு வயதுவரை, எந்தப் பாடம் எடுப்பது, எந்தச் சேலை கட்டுவது, எந்தப் பக்கம் பார்த்துச் சிரிப்பது என்று யார் யாரோ அனுப்பிய கட்டளைகளை நானும் அந்த நிலையில்தான் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். கையேடு இல்லாமல் பிறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஆம்னியை அணைத்தேன். பெட்டிக்கும் பெடல் பலகைக்கும் பொதுவாக ஒரு சேனலைத் தேர்ந்தெடுத்தேன்; வேறு சேனலில் யார் கட்டளையிட்டாலும் இனி பெட்டி கேட்காது. அது எந்த எண் என்று மட்டும் எழுத மாட்டேன். ரமேஷும் இந்தப் பத்தியைப் படிக்கக்கூடும். கிடாரை மாட்டி, ஒரு தந்தியை வளைத்து, பாதத்தை மெல்ல இறக்கினேன். ஸ்வரம் வளைந்து, விரிந்து, அடுப்படிவரை போயிற்று. அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினார்.

ஏழு மணிக்குத் தங்கவேல் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“கோபிக்கு வாரேனுங்ண்ணா. கேபிளை ரமேஷண்ணனே மாட்டட்டுமுங்க. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க.”

நானும் இந்த ஊர்க்காரிதானே... மரியாதையாகத்தான் சொன்னேன்.