கார்ப்புரேட்டரில் உறைந்த பனி

அண்ணாவின் பதின்மூன்றாம் நாள் காரியங்கள் முடிந்த மறுநாள் காலை, எஞ்சினியர் எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். வெளியே டிசம்பர் மழை தூறிக்கொண்டிருந்தது. மடக்கிய குடையை முழங்கால்களுக்கு நடுவே பிடித்திருந்தார். அதிலிருந்து சொட்டிய தண்ணீர் சிவப்புத் தரையில் மெதுவாகப் பரவியது. அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். அவள் உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு, என் பக்கம் குனிந்து கேட்டார்.

"தம்பி, உங்க அண்ணன் கார்ப் ஹீட்டை இழுத்தாரா?"

"ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

அது பொய். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

எஞ்சினியர் என்று நாங்கள் எல்லோரும் அழைத்த அவர், மீனம்பாக்கத்தில் அண்ணாவும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் பறக்கப் போன சங்கத்தின் விமானங்களைப் பராமரித்தவர். அடையாற்றில் குடியிருந்தார். நாற்பது வயது இருக்கும். அவர் கையெழுத்துப் போடாமல் எந்த விமானமும் கொட்டகையை விட்டு வெளியே வராது. அந்தக் கையெழுத்தைப் பெறுவதும் எளிதல்ல. ஒருமுறை ஒரு பெரிய மனிதர் தம் விருந்தினருடன் பறப்பதற்காக வந்து காத்திருந்தபோது, எண்ணெய்க் குழாயில் ஒரு கசிவை எஞ்சினியர் கண்டுபிடித்தார். மறுநாள் சரிசெய்துகொள்ளலாம், இப்போது எழுதிக் கொடுங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். "நான் சரிபண்ணாதத சரிபண்ணேன்னு எழுத மாட்டேங்க" என்று சொல்லிவிட்டுக் கை துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அண்ணா வங்கியில் வேலை பார்த்தான். உரிமம் பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. நான் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் மட்டும் உட்காரும் அந்தச் சிறிய விமானத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சினை, அது ஒரு பெரிய ஸ்கூட்டர் எஞ்சின்தான் என்பதுபோல அண்ணா கேலி பேசுவான். ஒரு வகையில் அது உண்மையும்கூட. பெட்ரோலும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் போய் எரிகின்றன, பிஸ்டனைத் தள்ளுகின்றன, முன்னால் விசிறி சுழல்கிறது. வித்தியாசம் என்னவென்றால், ஸ்கூட்டர் நின்றுபோனால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். அதனால்தான் அந்த எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள், அவற்றுக்குத் தீப்பொறி கொடுக்கத் தனித்தனியாக இரண்டு மேக்னெட்டோக்கள். கிளம்புமுன் ஒன்றை அணைத்துப் பார்க்க வேண்டும், பிறகு மற்றொன்றை. ஒவ்வொரு முறையும் சுழற்சி கொஞ்சம் குறையும். கொஞ்சமாகத்தான் குறைய வேண்டும். தினமும் காலையில் எஞ்சினியர் பெட்ரோல் தொட்டியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அடியில் தண்ணீர் முத்தாக நின்றால் அது போகும்வரை வடித்துக்கொண்டே இருப்பார்.

கார்ப் ஹீட் என்பது முன்பலகையில் இருந்த ஒரு சிறு குமிழ். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்புரேட்டரின் கழுத்து குறுகலானது. அந்த இடத்தில் பெட்ரோல் ஆவியாகும்போது காற்று சட்டென்று குளிர்ந்துவிடும். ஊசி போடுவதற்கு முன் டாக்டர் ஸ்பிரிட் தடவினால் தோல் ஜில்லென்று ஆகிறதல்லவா, அதேதான். மழைக்காலக் காற்றில் ஈரம் நிறைய இருந்தால், அந்த ஈரம் கார்ப்புரேட்டரின் கழுத்தில் பனிக்கட்டியாகப் படியும். வெளியே நமக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு இறங்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். குமிழை இழுத்தால் புகைக்குழாயைச் சுற்றி வரும் சூடான காற்று உள்ளே போய்ப் பனியைக் கரைக்கும். ஆனால் கரைந்த தண்ணீர் முழுவதும் எஞ்சின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அப்போது எஞ்சின் இருமும், உதறும்.

"இழுத்ததும் மொதல்ல இன்னும் மோசமாத்தான் ஆகும். பயந்துபோய் உள்ள தள்ளிறாதீங்க" என்று எஞ்சினியர் எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். என்னிடமும் சொல்லியிருந்தார். நான் தலையை ஆட்டியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, இரவெல்லாம் பெய்த மழை விடியலில் ஓய்ந்திருந்தது. அண்ணாவும் நானும் கடற்கரையை ஒட்டித் தெற்கே போய்விட்டுத் திரும்பினோம். மூவாயிரம் அடியிலிருந்து இறங்குவதற்காக அண்ணா எஞ்சினைக் குறைத்தான். கீழே தாழை மடல் நிறத்தில் மணல், கறுப்புக் கட்டுமரங்கள், தூரத்தில் மருந்தீசுவரர் கோயில் கோபுரம். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கத் தொடங்கும்போதே குமிழை இழுத்திருக்க வேண்டும். அவனும் மறந்தான், நானும் மறந்தேன்.

திருவான்மியூருக்கு நேராக எண்ணூறு அடியில் அண்ணா விமானத்தைச் சமப்படுத்தி எஞ்சினைக் கூட்டினான். அது கூடவில்லை. தொண்டை அடைத்தவன் பேச முயல்வது போல ஒரு சத்தம் வந்தது. அண்ணா ஒரு கணம்தான் தயங்கினான். பிறகு கையை நீட்டிக் குமிழை முழுதாக இழுத்தான். சரியான காரியம். ஆனால் அடுத்த கணமே விமானம் முழுவதும் உதறியது. முன்கண்ணாடி நடுங்கியது. சுழற்சி காட்டும் முள் கீழே விழுந்தது.

"அண்ணா, வேண்டாம்! உள்ள தள்ளு! உள்ள தள்ளிடு!" என்று நான் கத்தினேன்.

அவன் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு உள்ளே தள்ளினான்.

உதறல் ஒரு கணம் அடங்கியது. "அப்பாடா" என்றுகூடச் சொன்னேன். பிறகு எஞ்சின் நின்றுவிட்டது. காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. எதிரே முழுக்க வீடுகள். மணலில் இறங்கலாம் என்று அண்ணா திரும்பினான். ஆனால் அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்களும் பெண்களுமாக நீள வரிசை. அண்ணா மறுபடி கடல் பக்கம் திருப்பினான். "தலையைக் குனிஞ்சுக்கோடா" என்றான். அவன் பேசியதில் கடைசி அதுதான். சக்கரங்கள் அலையில் மோதியதும் விமானம் குப்புறக் கவிழ்ந்தது.

வலையை விட்டுவிட்டு ஓடிவந்த மீனவர்கள்தான் எங்களை வெளியே இழுத்தார்கள். "ஒர்த்தன் உசுரோட கீறான்டா, தூக்கு, தூக்கு" என்று ஒருவர் கத்தியது கேட்டது. மணலில் கிடந்த என் முகத்தைத் துடைத்துவிட்டபடி, "எங்க மேல வுழாம தண்ணிக்குத் திருப்பிட்டாரு நைனா, மவராசன்" என்று ஒரு கிழவர் சொல்லிச் சொல்லி அழுதார். எனக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. அண்ணாவுக்குத் தலையில் அடி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

விசாரணைக்கு வந்த அதிகாரிகள் எஞ்சினைக் கடலிலிருந்து எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். எந்தக் கோளாறும் இல்லை. பனிக்கட்டி கரைந்தபின் அங்கே இருந்ததற்குத் தடயம் ஏது? குமிழும் உள்ளே தள்ளிய நிலையில்தான் இருந்தது. பனி என்றால் விமானி அதை இழுத்திருப்பார், அவர் தொடவே இல்லை, ஆகவே எஞ்சின் வேறு காரணத்தால் நின்றது என்று முடிவு கட்டினார்கள். முந்தின நாள் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டியவர் எஞ்சினியர். அன்று காலை பெட்ரோலில் தண்ணீர் பார்த்தவரும் அவர். எல்லாவற்றிலும் உப்புத் தண்ணீர் ஏறியிருந்ததால், அவர் பார்த்தாரா இல்லையா என்பதற்கு அவருடைய கையெழுத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்தக் கையெழுத்தைத்தான் அவர்கள் சந்தேகித்தார்கள். அவருடைய உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். கொட்டகைக்குள் நுழையக் கூடாது என்றார்கள்.

அவர் மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்றாம் முறையும் வந்தார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது. "ராத்திரி படுத்தா அந்த எட்டு பிளக்கையும் ஒண்ணொண்ணா மறுபடி மாட்டிப் பாக்கறேன் தம்பி. எதுலயும் தப்பு தெரியல. ஒருவேளை நாந்தான் ஏதோ விட்டுட்டேனோன்னு இப்ப எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சு. நெஜமாவே என் தப்புன்னா ஏத்துக்கறேன். தெரியாமத்தான் இருக்க முடியல" என்றார். நான் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அம்மா அண்ணாவின் படத்துக்குப் பூ மாற்றிக்கொண்டிருந்தாள். வருகிறவர்களிடமெல்லாம் அவள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "அவன் ஒரு தப்பும் பண்ணலே. மிஷின்தான் அவனைக் கைவிட்டுடுத்து." அண்ணாவின் பெயரைக் காப்பதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். காப்பாற்றிக்கொண்டது என்னை.

கடைசி முயற்சியாக, அதே வகையைச் சேர்ந்த இன்னொரு விமானத்தைத் தரையில் மெதுவாக ஓடவிட்டுப் பனி படிவதைக் காட்டுகிறேன் என்று எஞ்சினியர் எழுதிக் கேட்டார். ஜனவரியில் ஒரு காலை அனுமதி கிடைத்தது. சாட்சி என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். மழைக்காலம் போய் வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. காற்றில் ஈரமே இல்லை. எஞ்சினைத் தொட அவருக்கு உரிமை இல்லாததால் வேறொருவர் உட்கார்ந்து ஓட்டினார். எஞ்சினியர் பத்தடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. எஞ்சின் ஒரு சிறு பிசிறும் இல்லாமல் ஓடியது. இத்தனை வருடமும் எஞ்சின் அப்படி ஓட வேண்டும் என்பதற்காகவே பாடுபட்டவர், அன்று அது ஒருமுறை இருமாதா என்று கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

விசாரணை அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மெட்ராஸ்ல ஐஸாம். ஐஸ் ஹவுஸ்லயே இப்ப ஐஸ் கெடையாதேய்யா" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எஞ்சின் அணைந்தது. எஞ்சினியர் யாரையும் பார்க்காமல் போய் அந்த விமானத்தின் மூக்கில் கையை வைத்து நின்றார். தொடக் கூடாது என்று யாரோ சொன்னதும் கையை எடுத்துக்கொண்டார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாததுபோல் காற்றிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

அதைப் பார்த்தபின் என்னால் நிற்க முடியவில்லை. "சார், அண்ணா இழுத்தான்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "இழுத்தான். எஞ்சின் உதறித்து. நான்தான் உள்ளே தள்ளச் சொல்லிக் கத்தினேன். அவன் தள்ளிட்டான்."

அதிகாரி எழுதிக்கொண்டார். எவ்வளவு உயரத்தில் என்று கேட்டார். எண்ணூறு அடி என்றேன். எஞ்சினியர் கண்களை மூடிக்கொண்டார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அவரும் பக்கத்தில் வந்து நின்றார். எனக்கு நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. நான்தான் கேட்டேன், குமிழை இழுத்தபடியே விட்டிருந்தால் பனி கரைய நேரம் இருந்திருக்குமா என்று. "உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன் தம்பி. இருந்துச்சு. அரை நிமிஷத்துல தெளிஞ்சிருக்கும். எண்ணூறு அடி தாராளம்" என்றார்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் நானே சொன்னேன். அவள் அழவில்லை. "நீயா கத்தினே?" என்று மட்டும் கேட்டாள். அதன்பிறகு தட்டில் சாதம் போட்டு வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். ஒரே வீட்டில், மூன்று மாதம், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சில நாட்கள் நான் வேண்டுமென்றே மத்தியானம் முழுவதும் பெசன்ட் நகர் கடற்கரையில் போய் உட்கார்ந்திருப்பேன். தண்ணீருக்குள் நடந்தே போய்விட்டால் என்ன என்று தோன்றும். வீட்டில் இருக்கும் ஒரே பிள்ளை நான் என்பதுதான் திருப்பி அனுப்பியது.

சித்திரை பிறந்தபோது விசாரணை அறிக்கை வந்தது. கார்ப்புரேட்டரில் பனி படிந்து எஞ்சின் நின்றிருக்கலாம், பராமரிப்பில் குறை இல்லை என்று இருந்தது. எஞ்சினியருக்கு உரிமம் திரும்பக் கிடைத்தது. ஆனால் அவர் மறுபடி அந்தக் கொட்டகையில் சேரவில்லை. வடக்கே ஒரு வேலைக்குப் போக முடிவு செய்திருந்தார். கிளம்புவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்த முறை அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார்.

அம்மா வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் எழுந்து நின்றார். பிறகு அம்மா கேட்டாள்.

"நீங்க எல்லாம் தெரிஞ்சவர். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கோ. இவன் கத்தாம இருந்திருந்தா, அவன் பொழைச்சிருப்பானோ?"

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். எஞ்சினியர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவையே நேராகப் பார்த்தார்.

"இல்லீங்கம்மா" என்றார். "ரொம்பத் தாழ வந்துட்டாங்க. நேரம் இல்ல. தம்பி கத்தினாலும் கத்தாட்டியும் ஒண்ணுதான். நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணா இறந்த நாளிலிருந்து தேங்கியிருந்த அழுகை அன்றுதான் வந்தது. அன்று இரவு எனக்குச் சாதம் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். "மோர் விட்டுக்கோடா" என்றாள்.

எஞ்சினியரை அதன்பிறகு நான் பார்க்கவில்லை. சில வருடங்கள் கழித்து அவர் காலமாகிவிட்டதாக யாரோ சொன்னார்கள். அம்மா தன் கடைசி நாள்வரை, அன்று நேரம் இருக்கவில்லை என்று நம்பினாள். சொந்தக்காரர்களிடம் எனக்காக வாதாடவும் செய்தாள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது எனக்கு எழுபது கடந்துவிட்டது. நேரம் இருந்தது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம்.